அப்பா காருக்கு மூச்சுத் திணறல்

“நான் இறங்க மாட்டேன்.”

கண்ணாடிக்காரரின் மனைவி இப்படிச் சொன்னபோது, கார் தொட்டி மேட்டின் அடிவாரத்தில், தையல் கடை வாசலில், வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் மடியில் ஒரு பை, காலடியில் இரண்டு பை, பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள். முன் சீட்டில் கண்ணாடிக்காரரின் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கலைந்திருந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது, நடுரோட்டுல? எப்பவும் இறங்கறதுதானே?” என்றார் கண்ணாடிக்காரர்.

“எப்பவும் இறங்கினேன். பதினாலு வருஷமா இறங்கினேன். இவ வயித்துல இருக்கும்போது இறங்கினேன். மழையில இறங்கினேன். புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க இறங்கினேன். இன்னிக்கு முடியாது. வண்டியை ஏத்துங்க.”

“இத்தனை பேரோட ஏறாதும்மா.”

“ஏத்திப் பாத்திருக்கீங்களா?”

“இதை வேற ஏத்திப் பாக்கணுமா? அப்பா காலத்துலேர்ந்தே ஏறாது. பாதி மேட்டுல நின்னு பின்னாடி உருண்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. தையல் கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, நன்றாகத் தெரியட்டும் என்று கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டார். அது கண்ணாடிக்காரர் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான்.

“முட்டி வலிக்காரங்களைத் தவிர எல்லாரும் இறங்கறதுதாம்மா இந்த வீட்டுப் பழக்கம்” என்றார் அம்மா, தலையைத் திருப்பாமல்.

வேன் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. மனைவி இறங்கினாள். மகளும் இறங்கினாள். பைகள் மட்டும் இறங்கவில்லை. கதவைச் சாத்துவதற்கு முன் மனைவி குனிந்து சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமை என் தம்பி வர்றான். அவன் ஆபீஸ்ல ஒருத்தர் பழைய கார் தேடிக்கிட்டு இருக்காராம். அன்னிக்கு நான் உக்காந்த இடத்துலேர்ந்து அசையாம, செருப்பு தரையில படாம, இந்த மேட்டை ஏறணும். ஏறலைன்னா இந்தக் கார் அவர் வீட்டுக்குப் போகும். சொல்லிட்டேன்.”

அன்று திங்கட்கிழமை.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அதுவும் அப்பாவின் கடைதான். கடையை மாற்றிக் கட்டியாயிற்று, போர்டை மாற்றியாயிற்று, அப்பாவின் நாற்காலிகூட ஒருநாள் கால் உடைந்து போய்விட்டது. அப்பா தொட்டுப் புழங்கிய பொருள் என்று மிச்சமிருந்தது இந்தச் சாம்பல் நிறக் கார் ஒன்றுதான். இதையும் கொடுத்துவிட்டால் அப்பா இரண்டாம் தடவை செத்த மாதிரி. இதை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. மைலேஜ் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அவரோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள். அந்தக் காலத்தில் வெளியே போய்விட்டு வந்தால் பின் சீட்டில் ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவராக அடைந்து கிடப்பார்கள். தையல் கடை வந்ததும் அப்பா காரை நிறுத்திவிட்டு, “ம், படையெல்லாம் இறங்கட்டும்! வண்டி பாவம்!” என்பார். அம்மாவுக்கு மட்டும் விலக்கு. ஐந்து பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடுவார்கள். பாதி மேட்டில் ஒரு பெரிய வளைவு. அதைத் தாண்டி மேலே போனால் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு அடுத்து வீடு. தொட்டியைச் சுற்றியிருந்த குட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டு, சண்டை முடிந்து, கல் பொறுக்கி விளையாடி, அதுவும் அலுத்துப்போன பிறகுதான் கார் வந்து சேரும். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம். நடந்து வந்த பிள்ளைகளைவிடக் காருக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

“என்னப்பா இவ்வளவு நேரம்?” என்று கேட்டால், “என்ஜின் சூடாயிடுச்சுடா. வளைவுல நிறுத்தி ஆற வெச்சு ஓட்டிக்கிட்டு வர்றேன்” என்பார் அப்பா. அப்போதெல்லாம் அவர் முகம் நல்ல மலர்ச்சியாக இருக்கும். காரிடம் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்.

கண்ணாடிக்காரரின் கல்யாணத்துக்கு மறுநாள் அப்பா கார்ச் சாவியை அவர் கையில் வைத்தார். “என்னால இனிமே ஓட்ட முடியாதுடா. நீ வெச்சுக்கோ. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. மேடு வந்தா எல்லாரையும் இறக்கி விட்டுடு. அவசரப்படாதே, நிதானமா ஏத்து. வண்டியும் நல்லா இருக்கும், வீடும் நல்லா இருக்கும்.” அதற்கு அப்புறம் அவர் படுத்த படுக்கைதான். நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வார்த்தையைக் கண்ணாடிக்காரர் ஒருநாளும் மீறியதில்லை. ஒரே ஒரு குறை. அப்பா மாதிரி வளைவில் நிறுத்தி ஆற வைக்க அவருக்குப் பொறுமை இல்லை. அம்மாவை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏற்றிவிடுவார். அதனால்தான் வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது, அப்பா பிள்ளை மாதிரி வைத்திருந்த என்ஜினை நாம் வதைத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கார் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரருக்கு ஊரில் பெயர் சவுண்டு. விற்பது ஸ்பீக்கரும் ஹாரனும், பேசுவதும் அந்தச் சத்தத்தில்தான்.

சவுண்டு பானெட்டைத் திறந்து, காதைச் சாய்த்து என்ஜினைக் கேட்டார்.

“சார், வண்டிக்கு வியாதியே இல்ல. மூச்சு விட வழியில்ல, அவ்வளவுதான். இதோ இந்தக் கறுப்பு டப்பா இருக்கே, இது வழியாத்தான் காத்து உள்ள போகணும். நீங்க மூக்குல பஞ்சை அடைச்சுக்கிட்டு மேடு ஏறுவீங்களா?”

கண்ணாடிக்காரர் ஏற மாட்டேன் என்றார்.

“அப்ப வண்டி மட்டும் ஏறணுமா சார்?”

சவுண்டு கறுப்பு டப்பாவைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்தார். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு குழாய், குழாயின் முனையில் சிவப்பு வலை போட்ட ஒரு கூம்பு ஃபில்டர்.

“இதைப் போட்டா பவர் எவ்வளவு கூடும்?”

“நான் சொல்லணுமா? ஸ்டார்ட் பண்ணுங்க சார், காதாலயே தெரியும்!”

காதால் தெரியத்தான் செய்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கார் ‘ஹூம்ம்’ என்று உறுமிய உறுமலில் கண்ணாடிக்காரருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது அம்மா பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏண்டா, நம்ம வீட்டு முன்னாடி லாரியா நிக்குது?”

“நம்ம கார்தாம்மா. இப்பப் பறக்குது!”

“பறந்தா நிக்கணுமே” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

மகள்தான் செல்போனில் நேரம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவள் முதல் நாளே ஒரு கணக்கு எடுத்து வைத்திருந்தாள். பழைய டப்பாவோடு, கண்ணாடிக்காரர் மட்டும் தனியாக ஓட்ட, தையல் கடையிலிருந்து தொட்டிவரை நாற்பத்தெட்டு நொடி. இப்போது கார் உறுமிக்கொண்டு மேலே வந்து நின்றது.

“எவ்வளவு? முப்பதா?”

“அம்பத்தொண்ணு.”

“நீ லேட்டா அமுக்கியிருப்பே.”

இன்னொரு தடவை கீழே போய் வந்தார். ஐம்பத்தொன்றுதான். கண்ணாடிக்காரர் செல்போனை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை சவுண்டு கொஞ்சமும் அசரவில்லை. “அட, அதைச் சொல்ல மறந்துட்டேன் சார். கூம்பு என்ஜின் பக்கத்துலயே இருக்கா, சூட்டுக் காத்தையே குடிக்குது. வெளியில இருக்கற குளிர்ந்த காத்தைக் கொண்டுவந்து குடுத்துடுவோம்.” கூம்பைச் சுற்றி ஒரு தகரம் அடித்து, அதிலிருந்து முன் பம்பருக்குக் கீழே வரைக்கும் தும்பிக்கை மாதிரி ஒரு ரப்பர் குழாயை விட்டார். அன்று சாயங்காலம் ஐம்பது நொடி.

“ஒரு நொடி குறைஞ்சிருக்கு பாத்தியா!” என்று குதித்தார் கண்ணாடிக்காரர்.

“பழசைவிட இன்னும் ரெண்டு நொடி ஜாஸ்திப்பா” என்றாள் மகள்.

வியாழக்கிழமை அம்மாவைப் பல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பினார். தையல் கடையைத் தாண்டியதும் கார் இருமியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் திணறியது. பாதி மேட்டில், சரியாக அந்த வளைவில், ஒரு விக்கல் விக்கி நின்றேபோனது. அவருக்கு நினைவு தெரிந்து அந்தக் கார் அங்கே தானாக நின்றது அதுதான் முதல் தடவை.

கண்ணாடிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அம்மா பதறவே இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தார். கீழே வீடுகளின் கூரையெல்லாம் வெயிலில் கிடந்தன. வளைவில் இருந்த பெரிய மரத்தின் நிழல் கார் மேல் விழுந்தது.

“இங்கதான் உங்கப்பா நிறுத்துவாரு” என்றார் அம்மா. “மரம் எவ்வளவு பெருசாயிடுச்சு பாரு.”

“ஆற வெக்கத்தானேம்மா?”

“ம்ம், அதுக்குத்தான்.” கைப்பையைத் திறந்து எதையோ தேடி, தேடியது கிடைக்காமலே மூடினார். “அவசரமில்லடா. ஒரு பத்து நிமிஷம் இப்படியே இரு.”

அம்மாவின் குரல் அப்படி இளகிக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. கண்ணாடிக்காரர் பத்து நிமிஷம் கழித்து இறங்கி, குனிந்து, ரப்பர் குழாயின் வாயில் கையை விட்டார். உள்ளே ஏதோ துணி சிக்கியது. இழுக்க இழுக்க வந்தது, நீலக் கோடு போட்ட ஒரு சட்டைக்கை.

கீழேயிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த தையல் கடைக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார். “அடப்பாவி! மேஜையிலேர்ந்து பறந்த இடது கையை கால் மணி நேரமா நான் கடை பூராத் தேடிட்டு, உங்க வண்டி பின்னாடியே ஓடி வர்றேன். உங்க கார் அதைத் தின்னுக்கிட்டு நிக்குது!”

“குழாய் வாயில ஒரு வலை போட்டுட்டா சரியாப்போகும்” என்றார் கண்ணாடிக்காரர்.

“முதல்ல உங்களுக்குப் போடணும் வலை” என்றார் தையல் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை சவுண்டு கடைசி ஆயுதத்தை எடுத்தார். “கீழேர்ந்து இழுத்தா குப்பை வரத்தான் செய்யும் சார். மேலேர்ந்து இழுப்போம். பானெட்ல ஒரு ஜன்னல் வெட்டிடுவோம்.” சாக்கட்டியால் பானெட்டின் நடுவில் ஒரு சதுரமும் போட்டுவிட்டார். வெட்டுகிற மிஷின் நாளைக்குத்தான் வருமாம்.

அந்தச் சாக்கட்டிச் சதுரத்தோடு கண்ணாடிக்காரருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பனியனால் துடைத்துத் துடைத்து மெருகேற்றிய பானெட். சனிக்கிழமை விடிந்ததும் காரை நேரே மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர், மரியாதை எல்லாம் எதிர்பார்க்க முடியாது.

“டேய், இது என்னடா, வண்டிக்குத் தும்பிக்கை முளைச்சிருக்கு?”

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“உன் கடைக்கு வர்றவங்க போட்டிருக்கற கண்ணாடியையே கழட்டித் துடைச்சு, திரும்ப மாட்டிட்டு, ‘இப்ப எப்படி இருக்கு?’ன்னு கேப்பியே, ஜனங்க என்ன சொல்லும்?”

“ரொம்பத் தெளிவா இருக்குன்னு சொல்லும்.”

“அதையேதான் அந்த ஆளு உன் காதுக்குப் பண்ணியிருக்கான். சத்தம் கூடினா வேகம் கூடிட்ட மாதிரி இருக்கும். இது ரேஸ் வண்டியாடா? இந்த என்ஜின் எவ்வளவு காத்து குடிக்கும்னு கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரன் டப்பா வெச்சிருக்கான். ஃபில்டரைச் சுத்தமா வெச்சுக்கிட்டாப் போதும். அதுக்கு மேல நீ வாசலை எவ்வளவு பெருசா வெட்டினாலும், குடிக்கறவன் அதே ஆளுதானே? பழைய டப்பா எங்க?”

“சவுண்டு கடையில கிடக்கு.”

“ஓடு. போய் எடுத்துக்கிட்டு வா.”

டப்பா சவுண்டு கடை மேஜைக்கு அடியில் கிடந்தது. மூடி மேஜை மேல் இருந்தது. மல்லாத்தி வைத்து அதில் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தார் சவுண்டு. கண்ணாடிக்காரர் திருகாணிகளைக் கொட்டிவிட்டு மூடியைக் கையில் எடுத்தார்.

மூடியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் வரிசையாகத் தேதிகள். ஃபில்டர் மாற்றிய தேதிகள். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. தம்பி பிறந்த வருஷம் ஒன்று, அக்கா கல்யாண வருஷம் ஒன்று. கடைசித் தேதியில் பென்சில் நடுங்கியிருந்தது. அதற்குக் கீழே நீலப் பேனாவில் அவருடைய கையெழுத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பதினாலு. அப்பாவும் பிள்ளையும் ஒரே தாளில் எழுதிய மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“என்ன சார், தூசியா?” என்று கேட்டார் சவுண்டு, முதல் தடவையாக மெதுவான குரலில்.

மெக்கானிக் தும்பிக்கையைப் பிடுங்கி எறிந்தார். டப்பாவை அதன் இடத்தில் வைத்து மூடினார். கார் பழையபடி அடக்கமாக முணுமுணுத்தது.

“இப்ப எல்லாரையும் வெச்சுக்கிட்டு மேடு ஏறுமாடா?”

“ஏறாதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“அப்பா.”

மெக்கானிக் ஒரு நிமிஷம் யோசித்தார். “உங்கப்பா சொன்னா சரியாத்தாண்டா இருக்கும்” என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் காரைக் கழுவினார். சாக்கட்டிச் சதுரம் முதல் தண்ணீரிலேயே போய்விட்டது. பழைய பனியனைத் தேடி எடுத்து, அப்பா துடைக்கிற மாதிரியே வட்டம் வட்டமாகத் துடைத்தார். போகிற பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புகிற மாதிரிதான் இருந்தது அவருக்கு. மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனனை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரக் குடும்பமே போனது. கார் தேடுகிறவர் மத்தியானம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மைத்துனன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்தது. அவன் ஒருத்தனே இரண்டு ஆள் கனம். போதாததற்கு மடியில் ஒரு பெட்டி.

தையல் கடை வந்தது. கண்ணாடிக்காரரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பழக்கதோஷத்தில், “ம், எல்லாரும் இறங்குங்க” என்றும் சொல்லிவிட்டார்.

யாரும் இறங்கவில்லை. மனைவி இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“மாமா, உருண்டுச்சுன்னா நான் குதிச்சிடுவேன்” என்றான் மைத்துனன்.

“நீ குதிச்சா ரோடு உள்ள போயிடும். பேசாம உக்காரு” என்றாள் அவன் அக்கா.

தையல் கடைக்காரர் வெளியே வந்து, மேஜை மேலிருந்த துணிகளையெல்லாம் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் செல்போனை எடுத்தாள். கண்ணாடிக்காரர் அப்பாவை நினைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார்.

கார் ஏறியது.

இருமல் இல்லை, விக்கல் இல்லை. வளைவைத் தாண்டியது, மரத்தைத் தாண்டியது, குட்டைச் சுவரைத் தாண்டித் தொட்டி வாசலில் வந்து சாதுவாக நின்றது.

“அம்பத்தேழு” என்றாள் மகள்.

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினார். “பாத்தியா! பாத்தியா! அப்பாவோட டப்பா! அதைக் கழட்டி மாட்டினதுல வண்டிக்கு உயிர் வந்துடுச்சு!”

“இதே டப்பாதானேப்பா திங்கக்கிழமையும் இருந்துது?” என்றாள் மகள்.

“அப்ப... மெக்கானிக் வேற ஏதோ பண்ணியிருக்கான்.”

“இந்த மேட்டுக்கா மாமா இத்தனை வருஷமா இறங்கி நடந்தீங்க?” என்றான் மைத்துனன். “சைக்கிளே ஏறுமே!”

“சொன்னா நம்ப மாட்டே. அப்பா காலத்துல, அம்மாவை மட்டும் வெச்சுக்கிட்டு ஏறவே பத்து நிமிஷம், கால் மணி நேரம் ஆகும். இல்லம்மா?”

அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

“அத்தை?” என்றாள் மனைவி மெதுவாக, செருப்பை இன்னும் கையில் பிடித்தபடியே.

“என்னை ஏம்மா அப்படிப் பாக்கறே? ரெண்டு ரூம் வீடு. அஞ்சு புள்ளைங்க, மாமனார், மாமியார். நாங்க ரெண்டு பேரும் நாலு வார்த்தை தனியாப் பேசறதுன்னா எங்க போறது? வளைவுல நிறுத்தினா மேலேர்ந்தும் தெரியாது, கீழேர்ந்தும் தெரியாது.” அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வண்டிக்கு அன்னிக்கும் ஒரு குறையும் இல்ல, இன்னிக்கும் இல்ல.”

பின் சீட்டில் மைத்துனன் மடியிலிருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினான். கார் மொத்தமும் சேர்ந்து குலுங்கியது. மனைவி செருப்பைக் கீழே போட்டுவிட்டு, “டேய், அந்த ஆளுக்குப் போன் பண்ணு. கார் குடுக்கறதா இல்லன்னு சொல்லிடு” என்றாள் தம்பியிடம். அவள் குரலில் சிரிப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். “அப்ப ஏம்மா அப்பா சாவியைக் குடுக்கும்போது என்கிட்ட, ‘மேடு வந்தா எல்லாரையும் இறக்கி விட்டுடு’ன்னு சொன்னாரு?”

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“புதுசாக் கல்யாணம் ஆனவனாச்சேன்னு உனக்கும் ஒரு வழி சொல்லிக் குடுத்துட்டுப் போனாருடா அந்த மனுஷன், நீ என்னடான்னா பதினாலு வருஷமா பொண்டாட்டியை இறக்கி நடக்க விட்டுட்டு, என்னை ஏத்திக்கிட்டு வர்றே!”